நோய்க்கு மருந்து மட்டும் போதுமா? சட்டமும் வேண்டும்!

“என் மகன் டாக்டருக்குப் படிக்கிறான்” என்றால் ஊர் புரிந்துகொள்கிறது. “வக்கீலுக்குப் படிக்கிறான்” என்றாலும் புரிந்துகொள்கிறது. “பொதுச் சுகாதாரமும் சட்டமும் சேர்த்து ஒரே மூச்சில் படிக்கிறான்” என்று யாராவது சொன்னால்? “இதென்ன, இரண்டுங் கெட்டான் படிப்பாக இருக்கிறதே!” என்றுதான் திண்ணையிலே பேசுவார்கள்.

இரண்டுங் கெட்டான் அல்ல, தோழர்களே! இரண்டும் கூடிய படிப்பு அது. அமெரிக்க நாட்டிலே ஹார்வர்டு, பாஸ்டன், எமரி முதலிய பல்கலைக்கழகங்கள் அந்தப் படிப்பை நடத்துகின்றன. ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பொதுச் சுகாதாரக் கல்லூரியும் கைகோத்து நடத்துகின்றன. அமெரிக்காவிலே யாரோ எதையோ படித்தால் ஆலைத் தொழிலாளிக்கும் மூட்டை தூக்குவோருக்கும் என்ன வந்தது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் இருக்கிறது. அந்தப் பதில் கல்லூரி மண்டபத்திலே பிறக்கவில்லை; ரொட்டி சுடும் நிலவறையிலும், துணி வெளுக்கும் சலவைச் சாலையிலும், குடிசையிலே நடந்த தையற்கூடத்திலும் பிறந்தது.

ஒரே மன்றம், ஒரே ஆண்டு, இரண்டு தீர்ப்பு

1905ஆம் ஆண்டு. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் முன் இரண்டு வழக்குகள் வந்தன.

முதல் வழக்கு, மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரத்தைச் சேர்ந்த ஜேக்கப்சன் என்ற பாதிரியாருடையது. பெரியம்மை பரவிய நேரம். அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று நகரச் சுகாதாரக் குழு ஆணையிட்டது. அவர் மறுத்தார். 5 டாலர் அபராதம் விதித்தார்கள். “என் உடல், என் உரிமை” என்று சுப்ரீம் கோர்ட் வரை சென்றார். ஊர் முழுவதையும் நோயிலிருந்து காக்கும் பொருட்டுத் தனி மனிதனின் விருப்பத்துக்கு வரம்பு கட்ட அரசுக்கு அதிகாரம் உண்டு என்று 1905 பிப்ரவரியிலே மன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹார்லான்.

நல்ல தீர்ப்பு! ஊரின் நலம் பெரிது என்று சொன்ன தீர்ப்பு! ஆனால் கேளுங்கள் அடுத்த கதையை.

நியூயார்க் மாநிலத்திலே ரொட்டிச் சாலைத் தொழிலாளிக்கு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று 1895இல் ஒரு சட்டம் வந்தது. ரொட்டிச் சாலை என்றால் கண்ணாடி அலமாரியும் பளிங்குத் தரையுமல்ல. பல இடங்களிலே அது வீட்டுக்குக் கீழே தோண்டிய நிலவறை. காற்று கிடையாது, வெளிச்சம் கிடையாது, மாவுத் தூசியும் அடுப்பனலும் உண்டு. யூட்டிக்கா நகரத்து லாக்னர் என்ற கடை முதலாளி சட்டத்தை மீறினார். 50 டாலர் அபராதம் கட்டச் சொன்னார்கள். அவரும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

அதே மன்றம்! அதே ஆண்டு! ஏப்ரல் மாதம். ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு பேர் மறு பக்கம். வென்றவர் யார்? முதலாளி! எத்தனை மணி நேரமானாலும் உழைப்பதாக ஒப்பந்தம் செய்துகொள்ள தொழிலாளிக்குச் ‘சுதந்திரம்’ இருக்கிறதாம். அந்தச் சுதந்திரத்தைச் சட்டம் பறிக்கக் கூடாதாம்! ரொட்டி சுடுவது உடலுக்குக் கேடான தொழில் என்று பொதுமக்கள் யாரும் கருதியதில்லை என்றும் பெரும்பான்மையின் சார்பிலே நீதிபதி பெக்காம் எழுதினார்.

பட்டினிக்கும் பதினான்கு மணி வேலைக்கும் இடையே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம்! பசித்தவனுக்குக் கிடைத்த சுதந்திரத்தைப் பாருங்கள், தோழர்களே!

ஹார்லான் அந்த வழக்கிலும் இருந்தார். இந்த முறை அவர் தோற்ற பக்கம். தோற்றவர் தம் மாறுபட்ட தீர்ப்பிலே என்ன எழுதினார்? தொழிலாளர் நோய்கள் பற்றி மருத்துவ அறிஞர் எழுதிய நூலைக் காட்டினார். மாவுத் தூசி நுரையீரலையும் மூச்சுக் குழாயையும் புண்ணாக்குகிறது, கண்ணைக் கெடுக்கிறது, ரொட்டித் தொழிலாளர் ஐம்பது வயதைத் தாண்டுவது அரிது என்று எடுத்துக் காட்டினார். ஒருவர் “பொதுமக்கள் கருதுவதில்லை” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மற்றவர் மருத்துவக் கணக்கைப் பார்த்தார். கணக்கைப் பார்த்தவருக்கு வாக்கு போதவில்லை. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்திலே ஆயிரமாயிரம் தொழிலாளர்களின் நுரையீரல் தோற்றது.

அன்றைக்கே தெரிந்தது பாடம். சட்டம் தெரிந்தவனுக்கு நோயின் கணக்குத் தெரியாவிட்டால், நோயின் கணக்குத் தெரிந்தவன் சட்டத்தின் வாசலிலே நிற்க வேண்டியதுதான்.

சட்டம் படித்த தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்

இந்தப் பாடத்தை லாக்னர் வழக்குக்குப் பத்தாண்டு முன்பே படித்துவிட்டார் ஓர் அம்மையார். அவர் பெயர் ஃபிளாரன்ஸ் கெல்லி. பிலடெல்பியாவிலே 1859இல் பிறந்தவர். தந்தை அமெரிக்கப் பாராளுமன்ற உறுப்பினர். வசதியான வீட்டுப் பெண். ஆனால் சூரிக் நகரத்திலே படிக்கச் சென்ற இடத்திலே சமதர்மக் கருத்துக்களைக் கேட்டார். இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைபற்றி ஏங்கெல்ஸ் எழுதிய நூலை ஆங்கிலத்திலே மொழிபெயர்த்தார். பின்னர் சிக்காகோ வந்து ஏழைகள் வாழும் பகுதியிலே குடியேறினார்.

1893இல் இல்லினாய் மாநிலம் தொழிற்சாலைச் சட்டம் ஒன்று கொண்டுவந்தது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை ஆலையிலே வேலைக்கு வைக்கக் கூடாது. பெண்களுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. கவர்னர் ஆல்ட்கெல்டு, கெல்லி அம்மையாரைத் தலைமைத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆக்கினார். அம்மையார் சந்து சந்தாகப் போனார். பெரியம்மை கண்டு குழந்தை படுத்திருக்கும் அறையிலேயே, கடைக்குப் போகவேண்டிய சட்டையும் கோட்டும் தைத்துக் குவிக்கப்பட்டிருப்பதைக் கண்டார். தைத்தவளுக்கு நோய்; வாங்கி அணிபவனுக்கும் நோய் போகும். ஏழையின் குடிசையிலே தொடங்கும் நோய் பணக்காரனின் அலமாரிக்கும் போகும் என்பதை அவர் ஊரறியச் சொன்னார்.

வழக்குத் தொடுக்க அரசு வக்கீலிடம் போனார். அரசு வக்கீல் கைவிரித்தார். அம்மையார் என்ன செய்தார்? அழுதாரா? மனுப்போட்டுக் காத்திருந்தாரா? இல்லை! நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்திலே சேர்ந்து சட்டமே படித்துப் பட்டம் பெற்றுவிட்டார்! “நீ வழக்காட மாட்டாயா? நகர்ந்து நில், நான் ஆடுகிறேன்” என்ற துணிவு அது. கூட்டுப் பட்டம் என்ற பெயர் பிறக்கும் முன்பே, கூட்டுப் பட்டம் எதற்கு என்பதை வாழ்ந்து காட்டியவர் அவர்.

அதோடு வெற்றி கிடைத்துவிட்டதா? இல்லை. 1895இல் இல்லினாய் மாநில உயர்மன்றம் எட்டு மணி நேர விதியை வெட்டி எறிந்தது. 1897இல் புதிய கவர்னர் அம்மையாரைப் பதவியிலிருந்து விலக்கினார். ஆனால் விதை விழுந்துவிட்டது.

1908இல் முளைத்தது. ஆரிகன் மாநிலத்திலே சலவைச் சாலைப் பெண்களுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற சட்டத்தை எதிர்த்து, முல்லர் என்ற முதலாளி சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தார். சட்டத்தைக் காக்க வாதாடியவர் பிராண்டைஸ் என்ற வக்கீல். அவருக்குப் பின்னே நின்றவர்கள் கெல்லி அம்மையாரும், ஜோசபின் கோல்டுமார்க் என்ற அவரது தோழியும். நூறு பக்கத்துக்கு மேற்பட்ட வாதுரை தந்தார்கள். அதிலே சட்ட வாதம் இரண்டே பக்கம்! மீதமெல்லாம் என்ன? பல நாட்டு டாக்டர்களின் அறிக்கை, தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களின் குறிப்பு, நீண்ட நேர வேலை உடலை எப்படி அரிக்கிறது என்ற கணக்கு. மூன்றாண்டுக்கு முன் ரொட்டித் தொழிலாளியைக் கைவிட்ட அதே மன்றம், நீதிபதிகள் அனைவரும் ஒருமித்துச் சட்டத்தைக் காத்தது.

அந்தத் தீர்ப்பிலே குறையும் உண்டு, மறைக்க வேண்டாம். பெண் பலவீனமானவள் என்ற எண்ணத்தின் மீதே அது கட்டப்பட்டது. பின்னாளிலே சில வேலைகளிலிருந்து பெண்களை விலக்கி வைக்கவும் அந்த வாதம் உதவிற்று. ஆண் தொழிலாளிக்கும் பத்து மணி வரம்பு செல்லும் என்று அதே மன்றம் சொல்ல 1917 வரை காக்க வேண்டியிருந்தது. ஆனாலும் வழி திறந்தது: கணக்கோடு போனால் கதவு திறக்கும்!

என்ன படிக்கிறார்கள்?

இனி அந்தப் படிப்பைப் பார்ப்போம். அமெரிக்காவிலே நேரே சட்டக் கல்லூரிக்குப் போக முடியாது. முதலில் ஒரு பட்டம் பெற வேண்டும். பிறகு சட்டம் மூன்றாண்டு. பொதுச் சுகாதார முதுகலை பெரும்பாலும் இரண்டாண்டு. தனித்தனியே படித்தால் ஐந்தாண்டு. கூட்டாகப் படித்தால் இரு பக்கமும் பொருந்தும் பாடங்களை ஒருமுறை படித்தால் போதும். பெரும்பாலான இடங்களிலே நான்காண்டிலே முடியும். இரண்டு கல்லூரியிலும் தனித்தனியே இடம் பெற வேண்டும்.

சட்டத்தின் பக்கத்திலே அரசியல் சட்டம், ஒப்பந்தம், குற்றவியல், சொத்து, பிறருக்கு இழைத்த தீங்குக்கு நட்ட ஈடு, வழக்கு நடைமுறை. சுகாதாரத்தின் பக்கத்திலே நோய் எப்படிப் பரவுகிறது, யாருக்கு அதிகம் வருகிறது என்று ஆராயும் நோய்ப்பரவியல், புள்ளி விவரக் கணக்கு, காற்று, நீர், வேலையிடம் பற்றிய சுற்றுச்சூழல் சுகாதாரம், மருத்துவமனை நிர்வாகம், மக்களின் பழக்கவழக்கமும் சமூக நிலையும்.

டாக்டர் ஒரு நோயாளியைப் பார்க்கிறார். பொதுச் சுகாதாரம் ஊரைப் பார்க்கிறது. ஒருவன் இருமினால் மருந்து. ஒரே ஆலையிலே நூறு பேர் இருமினால்? அங்கே மருந்து மட்டும் போதாது. தூசியை அடக்க வேண்டும். அடக்க மறுப்பவனை அடக்கச் சட்டம் வேண்டும்.

பாஸ்டன் நகரத்து அரசு மருத்துவமனையிலே 1993இல் நடந்ததைப் பாருங்கள். ஆஸ்துமாவோடு குழந்தைகள் வருவார்கள். மருந்து கொடுத்தால் நலமாகும். வீட்டுக்குப் போனால் மீண்டும் மூச்சிரைப்பு. காரணம், ஈரம் படிந்து பூஞ்சை பிடித்த வாடகை வீடு. வீட்டுக்காரர் பழுது பார்க்க மாட்டார். குழந்தை மருத்துவர் பாரி சக்கர்மன் என்ன செய்தார்? மருத்துவமனைக்கு ஒரு வக்கீலை வேலைக்கு அமர்த்தினார்! வக்கீல் வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதமும் ஒரு மருந்துச் சீட்டுத்தான் என்று காட்டினார். அந்த ஏற்பாடு பின்னர் அந்நாட்டின் பல மருத்துவமனைகளுக்குப் பரவியது.

புகையிலைக் கதையும் அதுவே. புகை புற்றுநோய் தரும் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 1964இலேயே அறிக்கை தந்தார். தனி மனிதர்கள் வழக்குப் போட்டுப் போட்டுத் தோற்றார்கள். “தெரிந்துதானே புகைத்தாய்” என்று கம்பெனி வக்கீல்கள் மடக்கினார்கள். 1994இல் மிசிசிப்பி மாநிலம் புதிய வாதத்தோடு வந்தது: “புகைத்தவன் தெரிந்து புகைத்திருக்கலாம், அவனுக்கு வைத்தியம் பார்த்த அரசு புகைக்கவில்லையே! அந்தச் செலவைக் கொடு!” 1998இல் 46 மாநிலங்களோடு கம்பெனிகள் உடன்பாட்டுக்கு வந்தன, 25 ஆண்டுகளிலே சுமார் 206 பில்லியன் டாலர் தர ஒப்பின. நோயின் கணக்கும் சட்டத்தின் வாதமும் ஒன்று சேர்ந்தபோது கிடைத்த பலன் அது.

போபாலிலே என்ன நடந்தது?

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்பவர்களுக்கு ஒரே ஒரு சொல்: போபால்!

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு. யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சு வாயு கிளம்பிற்று. அமெரிக்கக் கம்பெனியின் துணைக் கம்பெனி, இந்திய உயிர்கள். வழக்கு நியூயார்க் மன்றத்துக்குப் போனது. நீதிபதி கீனன் 1986 மே மாதத்திலே, இந்த வழக்கை இந்தியாவிலேயே நடத்திக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பினார். 1989 பிப்ரவரியிலே நமது சுப்ரீம் கோர்ட்டிலே 470 மில்லியன் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது.

அந்தத் தொகை எந்தக் கணக்கின் மீது நின்றது? சாவு சுமார் 3,000, பாதிக்கப்பட்டோர் சுமார் ஒரு லட்சம் என்ற கணக்கின் மீது. பிற்பாடு நட்ட ஈடு பெறத் தகுதியுடையோர் என்று ஏற்கப்பட்டவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஐந்தரை லட்சத்துக்கும் மேல்! ஒரு லட்சம் பேருக்கு வெட்டிய துணியை ஐந்தரை லட்சம் பேருக்குப் போர்த்தினால் யாருக்குக் குளிர் தீரும்? கூடுதல் தொகை கேட்டு மத்திய அரசு போட்ட மனுவையும் 2023 மார்ச் 14ஆம் நாள் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. முடிந்த உடன்பாட்டைத் திரும்பத் திறக்க முடியாது என்றாகிவிட்டது.

இதுதான் பாடம், தோழர்களே! முதலில் எண்ணத் தெரிய வேண்டும். எண்ணி முடிக்குமுன் கையெழுத்துப் போடாதிருக்கத் தெரிய வேண்டும். எண்ணுவது பொதுச் சுகாதாரம்; கையெழுத்தைக் காப்பது சட்டம். இரண்டும் ஒரே மேசையில் அமராத இடத்திலே, விதவைகளும் குருடானவர்களும் வீதியிலே அமர்ந்தார்கள்.

கத்தி யார் கையிலே?

கத்தி கறியும் நறுக்கும், கையையும் அறுக்கும். இரட்டைப் பட்டம் பெற்றவர் எல்லோரும் ஏழையின் பக்கம் நிற்பார் என்று எண்ணிவிடாதீர்கள். மருந்துக் கம்பெனிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் இவர்கள் வேண்டும். புகையிலைக் கம்பெனிகள் பல்லாண்டு காலம் மக்களை ஏமாற்றின என்று 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார். அந்த ஏமாற்றுக்கும் வக்கீல்களும் விஞ்ஞானிகளும் துணை நின்றார்களே! படிப்பில்லாதவரா அவர்கள்?

2022 ஜனவரியிலே நடந்ததையும் மறக்க வேண்டாம். கொரோனாக் காலத்திலே, நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களிலே தடுப்பூசி அல்லது வாரச் சோதனை என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புத் துறை ஆணையிட்டது. சுமார் 8 கோடியே 40 லட்சம் தொழிலாளரைத் தொடும் ஆணை அது. ஆறுக்கு மூன்று என்ற கணக்கிலே சுப்ரீம் கோர்ட் அதைத் தடுத்தது. அந்த நோய் எங்கும் பரவுவது, வேலையிடத்துக்கே உரிய ஆபத்தல்ல என்பது மன்றத்தின் வாதம். தோளோடு தோள் இடித்து இறைச்சி வெட்டும் ஆலையிலே நிற்பவனைக் கேட்டால் அல்லவா தெரியும், அது வேலையிடத்து ஆபத்தா இல்லையா என்று! 1905இன் நிழல் இன்னும் நீங்கவில்லை.

அடுத்த தடை பணம். பெரிய தனியார் சட்டக் கல்லூரிகளிலே ஆண்டுச் சம்பளம் மட்டுமே 70,000 டாலரைத் தாண்டுகிறது. சோறும் இருப்பிடமும் தனி. கடன் வாங்கிப் படித்தவன், கடனை அடைக்கக் கூலி அதிகம் தரும் கம்பெனியின் வாசலுக்குத்தான் போவான். அரசு வேலையிலோ லாபநோக்கற்ற அமைப்பிலோ இருந்துகொண்டு 120 மாதத் தவணை கட்டினால் மீதக் கடனைத் தள்ளும் திட்டத்தை 2007இல் கொண்டுவந்தார்கள், நல்லதுதான். ஆனால் 2025இல் வந்த சட்டம், 2026 ஜூலை முதல் புதிதாகச் சட்டம் படிக்க வருவோருக்கு அரசுக் கடனை ஆண்டுக்கு 50,000 டாலர் என்றும் மொத்தம் 2,00,000 டாலர் என்றும் கட்டியது. மேலே வேண்டுவதற்குத் தனியார் வட்டிக்கடை! பணக்காரன் மகனுக்குத் தடையில்லை. சுரங்கத் தொழிலாளி மகன் என்ன செய்வான்? நோயை உடலால் அறிந்தவனுக்கு, அதைச் சட்டத்தால் எதிர்க்கும் படிப்பு எட்டாக்கனி!

நாம் என்ன செய்வது?

நம் நாட்டிலே இதற்கு வேர் இல்லாமலில்லை. பொதுச் சுகாதாரத்துக்கென்றே தனிச் சட்டம், சென்னை மாகாணத்திலே 1939ஆம் ஆண்டிலேயே பிறந்தது. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய், விடுதி, சந்தை எல்லாம் அதிலே உண்டு. முகக்கவசம் அணியாதோருக்கு அபராதம் விதிக்க 2020இல் திருத்தியதும் அதே சட்டத்தைத்தான். முகக்கவசம் இல்லாதவனைப் பிடித்த சட்டம், சாக்கடை நீரைக் குடிநீர்க் குழாயிலே கலக்கவிட்டவனையும் பிடிக்க வேண்டாமா? பிடிக்கச் சொல்ல, அந்தச் சட்டத்தைப் படித்தவன் நம்மிலே எத்தனை பேர்?

சென்னையிலே தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் பொதுச் சுகாதார முதுகலை கற்பிக்கிறது. டாக்டர் அம்பேத்கர் பெயரிலே சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள சுவரிலே ஒரு கதவு வையுங்கள் என்று கேட்போம். அந்தக் கதவு வழியே போகிற முதல் வரிசையிலே பஞ்சாலைத் தொழிலாளியின் மகளும், தோல் பதனிடுவோரின் மகனும், சாக்கடை அள்ளுவோரின் பிள்ளையும் நிற்க உதவித் தொகை கேட்போம்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சங்கத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். யாருக்கு இருமல், எந்தப் பகுதியிலே வேலை, எத்தனை ஆண்டாக, எந்த டாக்டர் என்ன எழுதினார் என்று தேதியோடு எழுதுங்கள். ஆலையிலே எந்த மருந்துச் சரக்கு, எந்தத் தூசி என்று கேட்டு எழுதுங்கள். கெல்லி அம்மையாரின் கையிலே இருந்த ஆயுதமும் அதுதான்: நேரில் கண்டது, எண்ணி எழுதியது. எழுதியது இருந்தால் வக்கீல் பேசுவான். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய வக்கீலும் வாய் மூடுவான்.

“பொதுமக்கள் யாரும் கருதியதில்லை” என்று சொல்லி ரொட்டித் தொழிலாளியைக் கைவிட்டது ஒரு மன்றம். நமது தொழிலாளியைப் பற்றி எந்த மன்றமும் அப்படிச் சொல்ல முடியாதபடி, கணக்கும் சட்டமும் நம் வீட்டுப் பிள்ளைகளின் கையிலே ஏறட்டும்!